நாலரை விமானங்கள்

1.
இந்தக் கதை இலக்கிய தாகத்தில் பிறந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மையில், நாங்கள் குடியேறிய அமெரிக்க ஊரான பேர்லேண்டில், கோயில் பார்க்கிங்கில் சாரதா என்னை மடக்கியதால் பிறந்தது. அவள் அப்பா கிட்டுசாமிக்குத் தமிழ்ச் சங்கம் பாராட்டு விழா எடுக்கிறது; விழா மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டுமாம். அவர் பழைய போர் விமானி. ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியவருக்குத்தான் 'ஏஸ்' என்ற பெயர்.

"ஷீல்டுல ஏஸ்னு அடிக்கக் குடுத்தாச்சுண்ணா. நீங்க எழுதறதுதான் பாக்கி."

2.
முதல் வரி: 'நீல வானைக் கிழித்துச் சீறிய அந்தச் சிங்கம்…'

(சிங்கம் எப்போது பறந்தது? அடித்துவிட்டேன்.)

'சிறுவயதிலேயே பறவைகளை ஏக்கத்தோடு பார்த்த கிட்டுசாமி…'

(சொந்த ஊர் தாராபுரத்தில் அவர் பார்த்தது கோழிகளை. இதுவும் போச்சு.)

3.
சாரதா ஸ்கேன் செய்து அனுப்பிய பறப்புப் பதிவேட்டில் இருந்தது நாலரை. (அடிக்குறிப்பு மாதிரி: இருவர் சேர்ந்து ஒன்றை வீழ்த்தினால் ஆளுக்கு அரை.) போன் செய்தேன்.

"ரவுண்ட் ஆஃப் பண்ணிடுங்கண்ணா. கயலோட ஜிபிஏ 3.96. நாலுன்னுதானே எல்லார்கிட்டயும் சொல்றோம்?"

நியாயம்தான். (கயல் அவள் மகள்; ஜிபிஏ என்பது பள்ளி மதிப்பெண் சராசரி, முழுசு நாலு.) பேர்லேண்டில் நாலுக்குக் குறைந்த பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. என் மகனுடையதைக் கேட்காதீர்கள். ஐந்து என்று தட்டினேன்.

4.
கிட்டுசாமியைத் தற்பெருமைக் கிழவராக எழுதுவதுதான் என் திட்டம். கிண்டலுக்கு வசதி. அவர் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியபோது அவர் ஒத்துழைக்கவில்லை.

"அரை முகுந்தோடதுங்க, தம்பி."

"யாருங்க முகுந்த்?"

"கூடப் பறந்தவன். அன்னிக்குத் திரும்பி வரலீங்க. அவன் பேர்ல இருக்கறதே அந்த அரைதான். அதையும் நான் எடுத்துக்கிட்டா அவனுக்கு என்னங்க இருக்கும்?"

கயல் போனிலிருந்து தலை நிமிர்த்தினாள். "அம்மா, தட்ஸ் ஸ்டீலிங்."

"ஷீல்டு வந்தாச்சு. முந்நூறு பேர் வர்றாங்கப்பா," என்றாள் சாரதா.

"வரட்டும். நான் வரலே."

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வரியைக் கிண்டலாக மாற்ற மூன்று முறை முயன்றேன்.

5.
முடிவு ஒன்று: ஐந்து. கைதட்டல், சமோசா, மேடையில் காலி நாற்காலி.

முடிவு இரண்டு: நாலரை. சாரதா வீட்டு நவராத்திரிச் சுண்டல் எனக்கு இனிமேல் கிடையாது.

மூன்றாவது, முகுந்தைப் பற்றியே எழுதலாம் என்றால், அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது…

மலர் இன்று அச்சுக்குப் போகிறது. 'வீழ்த்திய விமானங்கள்:' என்பதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். நான் கோழை, நீங்களே நிரப்புங்கள். ஐந்து என்று போட்டால் முகுந்த் வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். முகவரியைக் கிட்டுசாமியிடம் கேளுங்கள். எதையும் பார்க்காமலே சொல்வார்.