பதினான்காம் எண்

அச்சான கட்டுரை லண்டனிலிருந்து பழுப்பு உறையில் வந்திருந்தது. டாக்டர் உலகநாதன் வார்டுக்குப் போயிருந்ததால் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன், நான்தான் பிரித்தேன். மூன்றரை வருஷமாக அவருக்கு ஆராய்ச்சி உதவியாளர் நான். முதலில் என் பேர் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இருந்தது. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், நன்றி சொல்லியிருந்தார். அந்தச் சந்தோஷத்தோடுதான் முன்பக்கம் திருப்பினேன். 'நோயாளி எண் 14. பெண், வயது 43, விவசாயக் கூலி.' பரிசோதனைக்கு மூத்திரம் பிடிக்க எங்கள் தெருவில் கொடுத்த கேன்களில், பதினான்காம் எண்ணுக்குச் சீட்டு ஒட்டியவள் நான். அது என் அம்மா ராசம்மாள்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி. அம்மாவுக்கு இடது பக்கத்துச் சுரப்பியில் ஒரு சின்னக் கட்டி. அது அளவுக்கு மீறி ஆல்டோஸ்டிரோன் சுரக்கிறது. அந்த ஹார்மோன் உப்பை உடம்பிலேயே பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. ரத்த அழுத்தம் ஏறும், கை கால் வலுவிழக்கும். கட்டியை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தஞ்சாவூருக்குக் கூட்டிவந்து மருந்து ஏற்றிப் படம் எடுத்தோமே, அன்றைக்கே டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது; எனக்கு இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வரி: 'நோயின் இயல்பான போக்கை அறிய, இருபத்தாறு மாதங்கள் சிகிச்சையின்றிக் கவனிக்கப்பட்டார். வெற்று மாத்திரை வழங்கப்பட்டது.'

வழங்கியது நான். திங்கள்கிழமை தவறாமல். அது ஏதோ பெரிய மருந்து என்று நம்பி, அம்மா பாதியை உடைத்து அடுத்த வீட்டுக் காத்தாயிக்குத் தலைவலிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் முழுக்கப் பெய்யும் மூத்திரத்தைக் கேனில் பிடித்துத் தர எங்கள் ஜனங்களைச் சம்மதிக்க வைப்பது லேசில்லை. "நெல்லத்தான் அளந்து குடுத்தோம். இப்ப இதையும் அளக்கணுமாடி?" என்று காத்தாயி கேட்டதில் தெருவே சிரித்தது. பி.எஸ்ஸி. படித்த நான் சொன்னேன் என்பதற்காகக் கேனை வயலுக்கே தூக்கிப்போய் வரப்பில் வைத்துக்கொண்டு நட்டார்கள். டாக்டர் கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார், உப்புக் கணக்குக்காகக் கருவாட்டை எடை போட்டார். எந்த டாக்டர் எங்கள் தெருவுக்குள் அதுவரை வந்தார்? அப்போது கூலிப் போராட்டம் முடிந்து சங்கம் கூலியை உயர்த்தி வாங்கியிருந்தது. அம்மாவின் கை மெதுவானதும் பண்ணைக் காரியக்காரர் ஏசினார். நானும் ஏசினேன். "கூலி ஏத்திக் கேட்டா மட்டும் போதுமா, வேலையும் செய்யணும்ல?" என்றேன். பொட்டாசியம் என்றால் என்னவென்று படித்தவள் கேட்ட கேள்வி.

டாக்டர் வந்ததும் அந்தப் பக்கத்தை நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த நோய் தானா எப்படிப் போகுதுன்னு நம்ம நாட்டுல யாரும் எழுதல தர்மாம்பாள். அதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

"எங்கம்மாதான் கெடைச்சாளா சார்?"

"ஆபரேஷனுக்கு நானே எழுதித் தரேன். இன்னும் ஒரே ஒரு யூரின் கலெக்‌ஷன் பாக்கி இருக்கு. அத முடிச்சுடுவோம்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்பதுபோல. நான் பீரோவைத் திறந்து பதினான்காம் எண் ஃபைலை எடுத்தேன். படம், எல்லாப் பரிசோதனை முடிவும் அதில் இருந்தன. மெட்ராஸில் எந்த சர்ஜன் பார்த்தாலும் புரியும்.

"அது காலேஜ் சொத்து. வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது."

"மூத்திரம் யாரு சொத்து சார்?"

"உணர்ச்சிவசப்படாத. எம்.எஸ்ஸி.க்கு உனக்கு லெட்டர் எழுதி வச்சிருக்கேன்."

"அதையும் நீங்களே வச்சுக்குங்க."

மதிய பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். ராத்திரி ரயிலுக்கு அம்மாவைக் கிளப்பிவிட வேண்டும். அவளை வாய்க்கால் ஓரத்து வயலில் கண்டேன். நடவு போடும் பெண்கள் வரிசையாகப் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஒருத்தி பிந்திவிட்டால், மற்றவர்கள் அவளுக்குப் பின்னாலும் நாற்றை ஊன்றி வழியை அடைத்துவிடுவார்கள். கேலிக்குத்தான். பயிரை மிதிக்காமல் அவள் வெளியே வர முடியாது. அம்மா அப்படி நடுவில் நின்றாள். நாலு பக்கமும் பச்சை. மற்றவர்கள் அடுத்த வயலுக்கே போய்விட்டிருந்தார்கள்.

காத்தாயி திரும்பி, "ஒங்காத்தாள ஜெயில்ல போட்டுட்டோம், ஜாமீன் எடுக்க வந்தியா?" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

"திங்கக்கெழமகூட இல்லியே பாப்பா. மாத்திர கொண்டாந்தியா?"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். "பயிர மிதிக்காத புள்ள," என்று யாரோ அதட்டினார்கள். மிதித்துக்கொண்டுதான் போனேன். அம்மா என்னைப் பார்த்தபடியே கையிலிருந்த நாற்று முடியிலிருந்து ஒன்றை ஊன்றக் குனிந்தாள். விரல்கள் கூடவில்லை. நாற்று ஒவ்வொன்றாக அவள் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் மிதந்து போயிற்று.