ஐந்து விலாக்கட்டைகள்

மூன்று மாதம் கிரெனடா ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு கிளெமென்ட் கரியாகூ தீவுக்குத் திரும்பியபோது, விண்ட்வர்ட் ஊர்க் கரையில் அவருடைய படகு இல்லை. அடிக்கட்டையும் நாலைந்து பலகைகளும் மட்டும் மணலில் கிடந்தன. பக்கத்திலேயே அவர் தம்பி லின்டன், தன் மகன் டெல்வினுக்காகக் கட்டிய புதுப் படகு முட்டுக்கட்டைகள் மேல் நின்றது. அன்றுதான் அதை நீரில் இறக்கும் நாள். முனையில் ரம் தெளித்து, ஆடு வெட்டி, ஊரே கூடியிருந்தது.

“என் படகு எங்கடா?”

“நீ திரும்பி வருவேன்னு யாருண்ணே நெனச்சா?” லின்டன் கோடாரி தீட்டுவதை நிறுத்தவில்லை. “பாதிரியாரே கையை விரிச்சுட்டாரு. சவப்பெட்டிக்குப் பலகை வேற பேசி வச்சேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வெளிப்பலகைக்குப் பதில் ஒட்டுப்பலகை அடித்துப் பிசின் பூசிவிடலாம். படகின் உடலை உள்ளிருந்து தாங்கும் வளைந்த விலாக்கட்டைகளுக்கு அது ஆகாது. காற்றில் தானாக வளைந்து வளர்ந்த வெள்ளைச் செடார் மரம்தான் வேண்டும். மரக்கன்றுகளை ஆடுகள் மேய்ந்துவிட்டன. வளர்ந்த மரத்தை ஊரே வெட்டித் தீர்த்துவிட்டது. அதனால்தான் லின்டன் தன் அண்ணனின் படகைப் பிரித்து விலாக்களை எடுத்துக்கொண்டான்.

“சரி, இதுல எனக்கு ஒரு இடம் குடு. வலை இழுக்கறேன். வேற எதை வச்சுடா நான் பொழைக்கறது?”

“உன் விலா போகுதே, பத்தாதா? நீ வேற எதுக்கு?”

மறுபடி சிரிப்பு.

கிளெமென்ட் ஏணியில் ஏறி உள்ளே பார்த்தார். இடப்பக்கம் வரிசையாக ஐந்து விலாக்கள், அவருடையவை. தேய்பிறையில் வெட்டினால்தான் புழு அண்டாது. இந்த ஐந்தையும் அவர் வளர்பிறையில் வெட்டியிருந்தார். காத்திருந்தால் வேறொருவன் மரத்தைக் கொண்டுபோயிருப்பான். இரண்டே வருடத்தில் புழு அரித்து உள்ளே பொடியாகிவிட்டன. துளைகளில் பிசின் ஊற்றி, சாயம் பூசி, ஏமாந்தவன் எவனுக்காவது படகை விற்கக் காத்திருந்தபோதுதான் வயிற்றில் கட்டி வந்தது.

“அண்ணே, ஆணிக்குத் துளை போட்டப்ப பிசின் தூளா வந்துச்சே,” என்றான் லின்டன் கீழிருந்து. “என்ன பண்ணின?”

“சின்ன வெடிப்பு. ஊத்தி அடைச்சேன்.”

“தேய்பிறைக் கட்டதானே?”

கிளெமென்ட் கூட்டத்தைப் பார்த்தார். சிலர் வாயில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது.

“தேய்பிறைதான்.”

படகை இறக்கும்போது முதல் முட்டுக்கட்டையை வீட்டின் மூத்தவர் வெட்டுவது வழக்கம். கோடாரியைக் கிளெமென்டிடமே கொடுத்தார்கள். நாலு வெட்டில் கட்டை முறிந்தது. மற்றவர்கள் மீதியை வெட்ட, கடலுக்குள் தள்ளுவதற்கு வாகாகப் படகு மெல்ல வலப்பக்கம் சாய்ந்து மணலில் படுத்தது. எங்கும் விரிசல் இல்லை. ஊர் ஆர்ப்பரித்தது.

டெல்வின் ஓடிவந்தான்.

“பெரியப்பா, அப்பா பேச்ச விடுங்க. திங்கக்கெழம எங்கூட வாங்க. பங்கு தர்றேன். உங்க கட்டைதானே ஓடுது.”

கிளெமென்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “தையல் இன்னும் ஆறலடா. நீ போயிட்டு வா.”

“அப்ப உங்களுக்கு என்ன மீன் கொண்டாரட்டும்?”

“எதுவானாலும் சரி. பெருசாப் பாத்துக் கொண்டா.”