ஒப்புக்குச் சப்பாணி

வீடியோ கேம் ஆடக் கம்ப்யூட்டரா, டி.வி.யில் மாட்டும் கன்சோலா என்று அந்த வீட்டில் மூன்று வாரமாகப் பட்டிமன்றம். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் கணவனுக்குக் கன்சோல்தான் வேண்டும்.

"நாள் முழுக்க முதுகு ஒடியக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு, விளையாட்டுக்கும் அதே நாற்காலியா? சோபாவுல சாஞ்சோமா, ஆளுக்கொரு கன்ட்ரோலரைப் பிடிச்சோமான்னு இருக்கணும்மா."

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் மனைவியோ கம்ப்யூட்டர்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். படம் தெளிவாக இருக்கும், வேகம் அதிகம், பிறகு பாகங்களை மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கெங்கோ படித்ததையெல்லாம் அள்ளிவிட்டாள். எல்லாம் சால்ஜாப்பு. 'ஆளுக்கொரு கன்ட்ரோலர்' என்ற வார்த்தைதான் அவளுக்கு ஆகவில்லை. கல்யாணமாகி ஆறு வருடமாகியும் அதற்கான காரணத்தை அவள் கணவனிடம் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவளைவிட நான்கு வயது சின்னவன். வீட்டில் ஒரு பழைய கன்சோல், அதில் ஒரே ஒரு கார்ப் பந்தயம். சிவப்பு வண்டி அவளுக்கு, நீல வண்டி தம்பிக்கு. அந்த வாண்டைச் சேர்த்துக்கொண்டு ஆடினால் வழியெல்லாம் முட்டி மோதி இவள் ஆட்டத்தையும் கெடுப்பான். சேர்க்காவிட்டால் வீட்டைத் தலைகீழாக்குவான். ஆகவே அவனை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்துக்கொண்டாள். ஆட்டத்தில் இருப்பான், கணக்கில் இருக்கமாட்டான். அவனுடைய கன்ட்ரோலரின் வயரைக் கன்சோலில் செருகாமல் சோபாவுக்கு அடியில் தள்ளிவிடுவாள். நீல வண்டியைக் கன்சோலே ஓட்டும். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பட்டன்களை அமுக்கித் தள்ளுவான். விஷயம் தெரிந்த வீட்டார் அவனுக்கு 'ஒப்பு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். பாவம், தன்னை ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பான். "நல்லா ஆடினேனாக்கா?"

"சூப்பர்டா ஒப்பு." இரண்டு வருடம் இப்படியே காதில் பூச்சுற்றினாள்.

ஒருநாள் நீல வண்டி ஜெயித்துவிட்டது. சோபாவில் ஏறி அவன் குதித்த குதி அவளுக்குப் பொறுக்கவில்லை. வயரை வெளியே இழுத்து அவன் மடியில் வீசினாள்.

"உன் வயரைச் செருகவே இல்லடா, மக்கு. ஒருநாள்கூட."

அவன் அழவில்லை. வயரின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப நான் விளையாடவே இல்லையாக்கா?"

அவள் திரும்பித் தன் ஆட்டத்தைத் தொடங்கினாள். அந்த வாரமே காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போன ஒன்பது வயதுப் பிள்ளை வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்த ஆட்டத்தையும் தொடவில்லை. கணவன் ஆசைப்பட்டான் என்றுதான் இப்போது சம்மதித்தாள், அதுவும் ஒரு நாற்காலியோடு முடிகிற ஆட்டமாக இருந்தால் சரி என்று.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பெரிய திரையில் கன்சோலைப் போட்டுக்காட்டினார். கன்ட்ரோலர் கையில் கனமாக, வழவழப்பாக இருந்தது. அவள் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இதுல வயர் எங்கே?"

"அதெல்லாம் அந்தக் காலம்மா," கடைக்காரர் சிரித்தார். "பக்கத்துல ஆள் இருந்தா போதும், அதுவே சேத்துக்கும்."

அவர் வாய் மூடவில்லை, திரையின் மூலையில் ஒரு வரி எழுந்தது: 'இரண்டாம் ஆட்டக்காரர் தயார்.'

இரண்டாவது கன்ட்ரோலர் பெட்டிக்குள், ஒட்டிய டேப்கூடப் பிரியாமல் இருந்தது. கடைக்காரர் திரையை ஒரு தட்டுத் தட்டினார். "கடையில வெச்ச பீஸு, எதையாவது காட்டிட்டே இருக்கும்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "கம்ப்யூட்டரே குடுங்க. கீபோர்டு, மவுஸ் எல்லாம் வயர் வெச்சதா."

அவளைப் பார்த்த கணவன் பர்ஸை எடுத்தான்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணி. ஜன்னல் வழியே அறை முழுக்க நல்ல வெயில். மேசை, கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. கணவன் மேசைக்கு அடியில் படுத்து வயர்களைக் கட்டிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரோடு இலவசமாக ஒரு கார்ப் பந்தயம் வந்திருந்தது. 'ஒருவர் மட்டும்' என்பதை அமுக்கிச் சிவப்பு வண்டியைத் தேர்ந்தெடுத்தாள். பழக்க தோஷம்.

'இரண்டாம் ஆட்டக்காரர் தயார்.'

பக்கத்தில் ஒரு நீல வண்டி வந்து நின்றது.

மூச்சை இழுத்து அப்படியே பிடிங்க என்று தினமும் நாற்பது பேருக்குச் சொல்கிறவள், தன் மூச்சு நின்றதைக் கவனிக்கவில்லை. மூன்று, இரண்டு, ஒன்று. அவள் பட்டனை அமுக்கினாள். சிவப்பு வண்டி நகரவில்லை.

நீல வண்டி கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் வேலியில் மோதியது. பின்னால் வந்தது, மறுபடி மோதியது. ஒரு வளைவிலும் ஒழுங்காகத் திரும்பத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் ஓட்டினால் இப்படி ஓட்டாது. வண்டி ஓட்டியே பழகாத பிள்ளை ஓட்டுகிற மாதிரி இருந்தது.

"என் வயரைப் பாருங்க," என்றாள். "செருகியிருக்கா?"

"நல்லாத்தான் செருகியிருக்கு," மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "ஏன், வேலை செய்யலையா?"

முட்டி மோதி நீல வண்டி கோட்டைத் தாண்டியது. திரை அப்படியே நின்றது. அடுத்த ஆட்டம் வேண்டுமா என்று கேட்கவில்லை. எதையும் கேட்கவில்லை. அது எதற்காகக் காத்திருக்கிறது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

"நல்லா ஆடினடா ஒப்பு," என்றாள். "நிஜமாவே நீதான் ஆடின."

வண்டிகள் இரண்டும் மீண்டும் தொடக்கக் கோட்டுக்கு வந்தன.

"யாருகிட்ட பேசுற?" கணவன் தலையை வெளியே நீட்டினான். "சரி விடு. நாளைக்கு இதைக் குடுத்துட்டுக் கன்சோலே வாங்கிக்கலாம்."

அவள் கீபோர்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். குனிந்து, அதன் வயரைப் பிடுங்கி, முனையைக் கணவன் கையில் கொடுத்தாள்.

"இத வெச்சுக்கோங்க. இந்தத் தடவை நான் ஒப்புக்கு."

மூன்று, இரண்டு, ஒன்று.

நீல வண்டி வேலியை உரசிக்கொண்டு ஓடியது. நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் பட்டனை அமுக்கினாள். சிவப்பு வண்டி கிளம்பியது. இடது பக்கம் அமுக்கினாள், வண்டி இடது பக்கம் திரும்பியது.

கணவன் கையிலிருந்த முனையைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவளுக்குத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. தம்பி முன்னால் போய்க்கொண்டிருந்தான்.