ஊர்க்காவலன் போட்டோ

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியின் ஆபீஸ் கம்ப்யூட்டர் புதன்கிழமை காலை எழுந்திருக்க மறுத்தது. நீலத் திரை வந்தது. தன்னைத்தானே சரிசெய்துகொள்வதாகச் சொன்னது, அணைந்தது, மறுபடி நீலத் திரை வந்தது. மேனேஜர் முனியராஜ் இதை ஒன்பது முறை பார்த்துவிட்டு, சிவகாசியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெனாசிருக்குப் போன் செய்தார்.

கேட்டில் பெனாசிரின் போனை வாங்கி வைத்துக்கொண்ட வாட்ச்மேன், பென்டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தீப்பிடிக்குமா?"

"பிடிக்காது."

"அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டாள்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தும்மா" என்றார் முனியராஜ். "லோடு ஏத்துன லாரி பேப்பருக்காக நிக்குது. ரெண்டு மணிக்குள்ள பிரிண்ட் எடுக்கணும்."

"தேவையானது ஏதும் உள்ள இருக்கா சார்?"

"முக்கியமானதெல்லாம் மெயில்ல இருக்கு. ஐடி கார்டுக்கு எடுத்த ஆளுக போட்டோதான் கெடக்கும். திரும்ப எடுத்துக்கிடலாம்."

லீவு சொல்ல வந்து வாசலில் நின்றிருந்த வள்ளித்தாய், "எங்க வீட்டுக்காரரைத் திரும்ப எடுக்க முடியாதே சார்" என்றாள்.

அவள் அங்கே காகிதக் குழாய் சுற்றுபவள். அவள் கணவன் ஊர்க்காவலன் அதே கம்பெனியில் லோடுமேனாக இருந்து, தை மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டான்.

"வேற போட்டோவே இல்லையாக்கா?" என்றாள் பெனாசிர்.

"எடுக்கப் போனா எந்திரிச்சுப் போயிருவாக. ஆதார்ல ஒண்ணு இருக்கு. அது யாரோ. ஐடி கார்டைக் கம்பெனியில திருப்பி வாங்கிட்டாக."

முனியராஜ் மின்விசிறியைப் பார்த்தார்.

பெனாசிர் பென்டிரைவைச் செருகி, பழுது பார்க்கும் கருவிகளைத் திறந்தாள். ஃபைல்களை வைத்துக்கொண்டு சிஸ்டத்தை மட்டும் புதிதாக்கும் வழியை முதலில் பார்த்தாள். முப்பத்து நான்கு சதவீதம் போய், முடியாது என்று திரும்பி வந்தது. மிச்சமிருந்த வழி, முழுவதும் அழிப்பது. அதற்கு முன் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்து நோட்பேடைத் திறந்தாள். அதில் ஃபைல் தேடும் பெட்டி வழியாகப் போட்டோ ஃபோல்டருக்குள் நுழைந்து, பென்டிரைவுக்குக் காப்பி போட்டாள். டிஸ்க் நோயாளி. ஒவ்வொரு படமாக இருமி இருமித் துப்பியது.

இரண்டு மணிக்கு லாரி ஹாரன் அடித்தது. முனியராஜ் வெளியே போய், "உள்ள ஒரு ஆளு மாட்டிக்கிட்டிருக்காரு, வெளிய எடுத்துக்கிட்டிருக்கோம்" என்றார். டிரைவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் லாரியைக் கண்மாய்க் கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். முனியராஜ் திரும்பி வந்து வள்ளித்தாய்க்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒன்றிலும் பெயர் இல்லை. பெனாசிரின் லேப்டாப்பில் வள்ளித்தாய் ஒவ்வொன்றாகத் தள்ளச் சொன்னாள். தெரிந்த முகங்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே வந்தவள், நானூறைத் தாண்டியதும், "நிப்பாட்டு தாயி" என்றாள்.

ஊர்க்காவலனுக்கு மூன்று படங்கள். ஒன்றில் கண்ணை மூடியிருந்தான். ஒன்றில் முறைத்தான். ஒன்றில் பல் தெரியச் சிரித்தான்.

"இது நல்லாருக்குக்கா" என்று சிரிப்பைக் காட்டினாள் பெனாசிர்.

"நல்லாத்தான் இருக்கு. வீட்டுல மாட்டுனா பிள்ளைக யாருன்னு கேக்கும்." முறைப்பைத் தொட்டாள். "இவுகதான்."

பிறகு சிரிக்கும் படத்துக்குத் திரும்பி, "இவுகள யாரு சிரிக்க வச்சது?" என்றாள்.

"நான்தான் எடுத்தேன்" என்றார் முனியராஜ். "கார்டு போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சாரு."

வள்ளித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதையும் சேத்துக் குடுங்க."

பழையது முழுவதையும் அழித்து, புதுச் சிஸ்டம் ஏறி முடிக்க நாலரை ஆனது. பிரிண்டர் ஓடுகிறதா என்று பார்க்க முனியராஜ் முதலில் எடுத்தது ஊர்க்காவலனை. லாரிப் பேப்பர் அதற்குப் பிறகுதான் வந்தது.