கை காட்டிய பக்கம்

ஆற்றில் இறங்குவதற்கு முன்பே அவளுக்கு மூன்று முறை கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் படகு ஓட்ட மாட்டியிருந்த ரப்பர் உடையைக் கழுத்திலிருந்து உரித்து, வேலை முடிந்ததும் திரும்ப உடம்பைத் திணித்து, முதுகுப் பக்கத்து ஜிப்பை எட்டிப் பிடித்து இழுப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று கண்ணாடியில் தெரிந்த பெண்மணியைக் கேட்டாள்.

"அம்மா, எல்லாரும் உனக்காகத்தான் நிக்கறாங்க. உள்ள என்ன பண்ற?" மகள் கதவைத் தட்டினாள்.

"வந்துட்டேன் பாப்பா. கதவ உடைக்காத."

பாப்பாவுக்குப் பத்தொன்பது வயது. நான்கு மாதங்களுக்கு முன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன், ஏரியில் எட்டு வாரம், அப்புறம் ஆறு என்று சொன்னாள். அம்மா வேண்டாம் என்றாள். மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு இரவு தூங்காமல் புரண்ட அம்மா, மூன்றாம் நாள் தானும் போய்ப் பெயரைக் கொடுத்தாள். தடுக்க முடியாது, சரி, கூடவாவது இருக்கலாமே. வகுப்பிலேயே மூத்தவள் அவள்தான். மகளுக்கு வந்த கோபம் ஒரு வாரம் தணியவில்லை.

அவள் வேலை பார்ப்பது பாட்டில் தொழிற்சாலையில். வெள்ளை வெளிச்சம் அடிக்கும் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும். கீறல், குமிழி, கோணல் கழுத்து, எது கண்ணில் பட்டாலும் அடுத்த நொடி அவள் விரல் அங்கே இருக்கும். எதிரே நிற்பவன் அதை எடுத்துக் கழிவுத் தொட்டியில் போடுவான். பத்தொன்பது வருடமாக இதே வேலை. நல்ல பாட்டிலை யாரும் சுட்டிக் காட்டுவதில்லை, அது தன்பாட்டுக்குப் போய்விடும். வீட்டிலும் அவளுக்கு அதே கைதான். ஈரத் தரை, ஆடும் நாற்காலி, மகளுடைய சட்டையில் விட்டுப்போன தையல் என்று எதையும் அவள் விரல் விட்டுவைத்ததில்லை.

பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். முதல் வகுப்பிலேயே அவர் சொன்னது இது: "தண்ணி இரைச்சல்ல கத்தினா ஒண்ணும் கேக்காது. துடுப்புதான் பேசும். துடுப்ப எந்தப் பக்கம் நீட்டறீங்களோ, பின்னால வர்றவங்க அந்தப் பக்கம் வருவாங்க. அதனால ஆபத்து எங்க இருக்குன்னு காட்டவே கூடாது. போக வேண்டிய வழிய மட்டும் காட்டணும். துடுப்பத் தலைக்கு மேல குறுக்கால பிடிச்சா, நில்லுன்னு அர்த்தம்."

அவள் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டாள். ஏரியில் வைத்த பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கினாள். ஏரியில் நாலு வாத்துகளைத் தவிர வேறு ஆபத்து கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்று ஆற்றில் நாலு பேர். முதலில் மாஸ்டர், அடுத்து அவள், அவளுக்குப் பின்னால் மகள், கடைசியில் பல் டாக்டர் ஒருவர். டாக்டர் அமைதியான மனிதர். பயந்தாரா இல்லையா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. மகளுக்கு முன்னால்தான் போவேன் என்று அவள் அடம்பிடித்து அந்த இடத்தை வாங்கியிருந்தாள். வழியில் என்ன இருந்தாலும் முதலில் தன் கண்ணில் படட்டும் என்பது அவள் கணக்கு.

தண்ணீரைத் தொட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. ஏரித் தண்ணீர் படகைத் தாங்கும். இது படகைப் பிடித்து இழுத்தது. பாறைகளுக்கிடையே தண்ணீர் சரிந்து பாயும் இடங்களை மாஸ்டர் பாய்ச்சல் என்பார். முதல் பாய்ச்சலில் அலை முகத்தில் அறைந்தது. இரண்டாவதில் படகு ஒரு பாறையில் ஏறி, யோசித்து, இறங்கியது. திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மகள் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க இவளுக்குப் பயம் இன்னும் கூடியது.

மூன்றாவது பாய்ச்சலுக்கு முன்னால் மாஸ்டர் எல்லோரையும் ஓரமாக நிறுத்தினார். ஆறு அங்கே வளைந்து திரும்புகிறது. மேலே இருந்து பார்த்தால் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. அவர் முதலில் போய்க் கீழே நிற்பார். வளைவின் நடுவில் பெரிய பாறை ஒன்று இருக்கிறது, அதன் பின்னால் தண்ணீர் அடங்கி நிற்கும். அவள் அங்கே போய் ஒதுங்கிக்கொண்டு, மாஸ்டர் காட்டுவதைப் பார்த்து, மேலே இருந்து வரும் மகளுக்கு அப்படியே காட்ட வேண்டும். முன்னால் போனவர் கண்ணுக்கு மறைந்ததும் இருபது எண்ணிவிட்டு அடுத்தவர் கிளம்பலாம்.

"நீங்க பாத்து காட்டினாதான் அவங்களுக்கு வழி. சரியா மேடம்?"

"சரி மாஸ்டர்."

பாறைக்குப் பின்னால் அவள் ஒழுங்காகவே போய் ஒதுங்கினாள். அதுவரை எந்தத் தப்பும் இல்லை. கீழே மாஸ்டர் துடுப்பை இடது கரைப் பக்கம் நீட்டினார். இடது, இடது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அப்போதுதான் வலது பக்கம் கண் போனது.

கரையிலிருந்து ஒரு மரம் புதிதாகச் சாய்ந்து, ஆற்றின் பாதி அகலத்துக்குக் கிடந்தது. இலைகூட வாடவில்லை. தண்ணீர் அதன் கிளைகளுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் சாதாரணமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. ஆற்றிலே பாறையைவிடக் கிளைதான் மோசம், தண்ணி போயிடும், ஆள் உள்ளயே நின்னுடுவான் என்று மாஸ்டர் சொன்னது அவளுக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் வந்தது.

வளைவில் மகளின் மஞ்சள் படகு தெரிந்தது.

அவள் கை தானாக எழுந்தது. துடுப்பை நீட்டி, மரத்தைக் காட்டினாள். "மரம்! பாப்பா, மரம்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மகள் பார்க்கவில்லையோ என்று இன்னும் நன்றாக, இரண்டு கையாலும் எக்கி, அசைத்து அசைத்துக் காட்டினாள்.

மகள் பார்த்தாள். ஒரு நொடி துடுப்பைத் தண்ணீரில் வைக்காமல் தயங்கினாள். பிறகு படகை வலது பக்கம் திருப்பினாள்.

என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. துடுப்பை இடது பக்கம் வீசினாள். அதற்குள் மஞ்சள் படகு அவளைத் தாண்டிவிட்டது. தாண்டும்போது மகளின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பரீட்சை எழுதுகிறவளைப் போலக் கவனமாகப் போனாள்.

படகு மரத்தில் மோதிக் குறுக்காகத் திரும்பியது. மகள் அடிமரத்தைக் கட்டிப் பிடித்தாள். படகு அவளுக்குக் கீழே கவிழ்ந்து கிளைகளுக்குள் செருகிக்கொண்டது. இடுப்புவரை உடம்பு மரத்தின் மேல், கால்கள் தண்ணீரில். ஆறு அந்தக் கால்களை உள்ளே இழுத்தது. தலை தெரிந்தது, அமுங்கியது, மறுபடி தெரிந்தது.

அம்மா தன் படகைத் திருப்பப் போனாள். கீழேயிருந்து விசில் அலறியது. மாஸ்டர் கரையில் குதித்து, மீட்புக் கயிறு அடைத்த பையோடு மரத்தின் வேரை நோக்கி ஓடிக்கொண்டே, வராதே என்று கையை வீசினார். அவள் இங்கிருந்து பாய்ந்தால் நேராக மகளின் முதுகில் போய்தான் மோதுவாள். அது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? பெற்ற வயிறு கேட்கவில்லை.

அப்போதுதான் டாக்டரின் நினைவு வந்தது. மகள் மறைந்து எத்தனை நொடி ஆயிற்று? அவர் இருபது எண்ணி முடித்திருப்பார். மனிதர் கணக்குத் தவறாதவர். வழி காட்ட ஆளில்லாமல் வந்து, நேராக அந்த மரத்துக்கே போவார். மகளின் மேலேயே போய் விழுவார்.

அவரை நிறுத்த வேண்டுமென்றால் மேலே பார்த்து உட்கார வேண்டும். மகளைப் பார்க்கக் கூடாது. அவள் வாழ்க்கையில் செய்ததிலேயே கொடுமையான காரியம் அதுதான். மகளின் தலை தண்ணீருக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துடுப்பைத் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்கிப் பிடித்தாள். வளைவில் டாக்டரின் படகு மூக்கை நீட்டியது. அவர் பார்த்தார், பின்னோக்கித் துழாவினார், கரையோரக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் அசையவில்லை, இவளும் அசையவில்லை. முதுகுக்குப் பின்னால் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

நாலு நிமிடம்தான் என்று மாஸ்டர் பிறகு சொன்னார். அவள் நம்பவில்லை.

விசில் மூன்று முறை விட்டு விட்டு ஒலித்தது. திரும்பினாள். மகள் கரையில் குப்புறக் கிடந்து இருமிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை, முழங்கால் சிராய்த்து ரத்தம். உயிர் இருந்தது. அவள் அங்கேயே, படகுக்குள் உட்கார்ந்தபடி, வாய்விட்டு அழுதாள்.

இரண்டு கரையிலும் பாதை கிடையாது. வண்டி நிற்கும் இடத்துக்குப் போக இன்னும் இரண்டு சின்னப் பாய்ச்சல்களைத் தாண்டியாக வேண்டும். மாஸ்டர் வழி காட்ட, அவளும் டாக்டரும் இடது பக்கமாக இறங்கி, மகள் கிடந்த கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மாஸ்டரும் டாக்டரும் கயிறு கட்டி மஞ்சள் படகை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, துண்டால் தலையைத் துவட்டினாள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. ஆனால் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

"மாஸ்டர் இடது பக்கம்தான் காட்டினாரு. நான்தான் மரத்தக் காட்டிட்டேன். பழக்க தோஷம். பாழாப்போன கை."

"தெரியும்மா. அவரு சொன்னாரு."

"உன் கண்ணுக்கு அந்த மரம் தெரியலையா? அவ்ளோ பெருசு கெடந்துதே."

"தெரிஞ்சுது. திரும்பினதுமே பாத்துட்டேன்."

துவட்டிய கை நின்றது. "பாத்துட்டு எதுக்குடி அங்க போன?"

மகள் மூக்கை உறிஞ்சினாள். சொல்வதற்கு அவளுக்கே கூச்சமாக இருந்தது போலிருந்தது. "நீ காட்டினியே. உள்ள ஏதோ வழி இருக்கு போல, எனக்குத் தெரியல, அம்மாவுக்கு அங்கேருந்து தெரியுதுன்னு நெனச்சேன். நீ போய் தப்பா காட்டுவியா?"

சொன்னதைக் கேட்காத பெண் என்று அம்மா பத்தொன்பது வருடம் எல்லோரிடமும் புலம்பியிருக்கிறாள். தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு இவள் கையைப் பார்த்து வந்திருக்கிறது அந்தப் பெண். தண்ணீரில்கூட இப்படி ஒரு பயம் வந்ததில்லை.

படகு வெளியே வந்துவிட்டது. மாஸ்டர் அதைப் புரட்டிப் போட்டுத் தண்ணீரைக் கொட்டினார். கீழே இருப்பது சுலபமான தண்ணீர்தான், ஆனால் இன்னும் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே யாராவது நின்று வழி காட்ட வேண்டும் என்றார். டாக்டர் நிற்கட்டுமா என்று கேட்டார்.

"ஆமா, டாக்டரே நிக்கட்டும்" என்றாள் அவள் அவசரமாக. "என்னால முடியாது. நான் காட்ட மாட்டேன்."

மகள் மெதுவாக எழுந்து நின்றாள். ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துப் பூட்டினாள்.

"அம்மாவே நிக்கட்டும் மாஸ்டர்" என்றாள்.