ஒங்காத்தாகிட்டச் சொல்லு

அப்பாவின் வாயைக் கட்டுவதற்காகப் பிரகாசி பழைய வேட்டி ஒன்றின் கரையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். யுத்த காலத்துத் துணி. கை வைக்குமுன்பே கிழியத் தயாராக இருந்தது. மாதா கோவில் உபதேசியார் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அவள் மோவாய்க்குக் கீழே துணியைக் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு தாயி," என்றார் உபதேசியார். "சாமியார் வர்றப்போ தொறந்துக்கிட்டா நல்லாருக்காது. எத்தனை வருசம் இங்கிலீசு பேசின வாயி."

பேசிய வாய்தான். ஆவூரிலிருந்து கீரனூர் வரை சூசைமாணிக்கம் வாத்தியார் என்றால் டைரக்ட்-இன்டைரக்ட். ஒருவர் நேரில் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்கிற மாதிரி மாற்றுவது. 'நான்' என்று இருந்தால் 'அவர்' ஆக்க வேண்டும். 'இன்று' என்பதை 'அன்று' ஆக்க வேண்டும். 'நாளை'யை 'மறுநாள்' ஆக்கி, இரண்டு பக்கமும் தொங்குகிற இன்வெர்ட்டட் காமாக்களைப் பிடுங்கி எறிய வேண்டும். மற்ற பாடங்களையெல்லாம் ஒப்புக்கு நடத்திவிட்டு இதை மட்டும் வருஷம் முழுவதும் நடத்துவார். சமஸ்தானத்துக் கச்சேரிகளில் மேலதிகாரியின் வசவை மரியாதையான வாசகமாக மாற்றி எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் நாலு பேர் இருக்கிறார்கள் என்றால், அது தாம் போட்ட பிச்சை என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்தப் பாடம் வீட்டிலும் நடந்தது. அதற்குக் காரணம் ஓர் இன்ஸ்பெக்டர்.

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அந்த மனிதர் வாத்தியார் வீட்டில் காப்பி சாப்பிட வந்தார். வாத்தியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் பி.ஏ. வரைக்கும் போனவன் சார்," என்றார். அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அருளம்மாள், "வாசல் வரைக்கும் போனாருங்க, ரெண்டு தடவ. உள்ள விடல," என்றாள். இன்ஸ்பெக்டருக்குக் காப்பி புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவருடைய வண்டி தெருமுனை திரும்பியதும் வாத்தியார் மகளைக் கூப்பிட்டார். பிரகாசிக்கு அப்போது பதினோரு வயசு.

"ஒங்காத்தாகிட்டச் சொல்லு. இனிமே அவளுக்கும் எனக்கும் நேர்ப் பேச்சு கெடையாது."

பிரகாசி அடுப்படிக்குப் போய்ச் சொன்னாள்.

"ஒங்கப்பாகிட்டச் சொல்லு. ரொம்ப சந்தோசம்னு."

பிரகாசி கூடத்துக்கு வந்தாள். அப்பாவின் மூக்கு நுனி சிவந்திருந்தது. "ஆத்தாவுக்கு வருத்தமா இருக்காம்ப்பா," என்றாள்.

அன்றைக்குத் தொடங்கிய உத்தியோகம். அதில் லீவு கிடையாது, பென்ஷனும் கிடையாது. "இத நாயி குடிக்குமான்னு கேளு" என்று கூடத்தில் புறப்பட்ட வார்த்தை, அடுப்படிக்குப் போய்ச் சேரும்போது "அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் புளி வேணுமாம்" என்று ஆகியிருக்கும். "நாக்கு செத்தவருக்கு எத வச்சா என்ன" என்பது திரும்பி வரும்போது, "நாளைக்கு நல்லா வைக்கிறாங்களாம்." வாத்தியார் கச்சேரிக்கு அனுப்பிய எந்தக் குமாஸ்தாவும் இவள் அளவுக்குத் தேறவில்லை. தன் நாக்கின் மேல்தான் அந்த ஓட்டு வீடு நிற்கிறது என்று பிரகாசி நம்பினாள். ஊரே வேளாங்கண்ணிக்குப் போனபோதும் அவள் போகவில்லை. போனால் அப்பா உப்பு வேண்டும் என்று யாரிடம் கேட்பார்?

அவளுக்குப் பத்தொன்பது வயசானபோது, ஒரு பொங்கல் கழிந்து, கீரனூர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சந்தனராஜ் வீட்டிலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். சந்தனராஜைக் கோவிலில் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். சிரித்தால் ஒரு பக்கமாகச் சிரிக்கிற ஆள். அவளுக்குப் பிடித்திருந்தது, அதைக் கேட்கத்தான் யாரும் இல்லை.

"ஒங்காத்தாகிட்டச் சொல்லு. பையன் தேவல. முடிவு அவ கையில," என்றார் வாத்தியார்.

"ஒங்கப்பாகிட்டச் சொல்லு. ஆம்பள அவரு இருக்கையில நான் என்ன முடிவு சொல்றது."

தன் கல்யாணத்தைத் தானே தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாள் பிரகாசி. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஓர் எழுத்துக் கூட மாற்றாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாற்றினால் தனக்காக மாற்றியதாக ஆகிவிடுமே என்று பயம். அப்பா கையிலிருந்து ஆத்தா கைக்கும், ஆத்தா கையிலிருந்து அப்பா கைக்கும் முடிவு போய் வந்துகொண்டிருக்கும்போதே தபசு நோன்புக் காலம் வந்துவிட்டது. தபசில் கல்யாணம் பேச மாட்டார்கள். பாஸ்குத் திருநாளோடு நோன்பு கழிந்ததும் சந்தனராஜ் மணப்பாறைப் பக்கம் பெண் கட்டினான். பாவம், நேருக்கு நேர் உட்கார்ந்து பேச முடியாத இரண்டு பேர் என்ன செய்வார்கள் என்று பிரகாசி அவர்களுக்காக வருத்தப்பட்டாள். இப்போது அவள் தலையில் அங்கங்கே வெள்ளை ஓடிவிட்டது.

வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். துக்கத்தைவிட அவர்களுக்கு வேறொரு விசாரம்.

"இன்னிக்காவது பேசுவாளாடி?" என்றாள் பக்கத்து வீட்டுக் காத்தாயி.

"செத்தவருகிட்டயும் பிரகாசியத்தான் தூது விடுவா," என்றாள் ஒருத்தி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அருளம்மாள் அதற்கேற்றாற்போல்தான் நடந்துகொண்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், கணவனின் பக்கம் பார்க்காமல், "பிரகாசி, அந்தப் புதுச் சட்டையப் போட்டுவிடச் சொல்லு. காலர் இல்லாதது அவருக்குப் பிடிக்காது," என்றாள்.

கீரனூரிலிருந்து ஒற்றை மாட்டு வண்டியில் ஹெட்மாஸ்டர் வந்து இறங்கினார். வெயிலில் அல்பாகா கம்பளிக் கோட்டு. இரங்கல் சொல்லாமல் போகிற மனிதரல்ல. பிரகாசியை ஓரமாக அழைத்து, "அப்பா கடைசியா என்னம்மா சொன்னார்?" என்று கேட்டார்.

காலையில் சாய்வு நாற்காலியில் இருந்தபடி அப்பா கடைசியாகச் சொன்னது, "ஒங்காத்தாகிட்டச் சொல்லு. காப்பில கருப்பட்டியக் கண்ணுல காட்டலன்னு." பிரகாசி அதை அடுப்படிக்குக் கொண்டுபோய், "காப்பி தேனா இருக்காம் ஆத்தா," என்று கொடுத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். தண்ணீர் முகந்துகொண்டிருக்கும்போதுதான் ஆத்தாவின் கூப்பாடு கேட்டது.

"காப்பி தேனா இருக்குன்னு சொன்னாங்க சார்," என்றாள்.

ஹெட்மாஸ்டரின் முகம் வாடியது. காப்பியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படிப் பேசுவது? ஆனாலும் அவர் சாமர்த்தியசாலி. பெட்டி வந்து, சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இங்கிலீஷில் ஆரம்பித்தார். வாழ்க்கை இறுதிச் சொட்டு வரை தேனாக இனித்தது என்று கூறியவாறே நம் நண்பர் கண்களை மூடினார் என்றார். உபதேசியார் புரிந்தவர் மாதிரி தலையை ஆட்டினார். பிரகாசிக்கு நிஜமாகவே புரிந்தது. கருப்பட்டி எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹெட்மாஸ்டர் இரண்டாவது வாசகத்துக்கு வாயைத் திறந்தபோதுதான் பெட்டியை மூடுவதற்காக மூடியைத் தூக்கினார்கள். அருளம்மாள் எழுந்தாள். இரண்டு எட்டில் வந்து பெட்டி விளிம்பில் விழுந்தாள்.

"ஏங்க... என்னை விட்டுட்டுப் போறீங்களே, என் தொரையே. நேத்துச் சாயங்காலம்தானே 'அருளு, கட்டுமாவடிக் கருவாடு இருக்கே, கத்திரிக்காய் போட்டு நாளைக்குக் கொழம்பு வையி'ன்னீங்க. 'நாளைக்கு வெள்ளிக்கெழமைங்க, கறிதான் ஆகாது, கருவாடு ஆகட்டும்'னேனே. வச்சுக் குடுக்காமப் போனேனே..."

இங்கிலீஷ் நின்றுவிட்டது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாயத் தொறந்துட்டாடி," என்று காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. "உசுரோட இருக்கையில பேசியிருக்கக் கூடாதா?"

"முதுகு தேய்க்கையில 'கொஞ்சம் கீழ அருளு, கொஞ்சம் கீழ'ம்பீங்களே, இனி யாருக்குத் தேய்ப்பேன். மழை பெய்யிற அன்னிக்கெல்லாம் 'செத்த இங்கிட்டு வந்து ஒக்காரு, கத கேளு'ம்பீங்களே..."

பிரகாசி ஆத்தாவைத் தாங்கிப் பிடிக்கப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள். கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு அவள் வழியாகப் போகவில்லை. நேற்றுச் சாயங்காலம் அவள் செபமாலைக்குக் கோவிலுக்குப் போயிருந்தாள். முதுகும் மழையும் அவளுக்குத் தெரியாது. அருளு என்று ஒரு பெயர் அந்த வீட்டில் புழங்கியதே தெரியாது. அவளிடம் வந்த சரக்கெல்லாம் 'ஒங்காத்தா' தான்.

பெட்டி கோவிலுக்குப் புறப்பட்டது. பெண்களும் பின்னால் போனார்கள். கட்டியவள் கல்லறை வரை போகிற வழக்கம் அங்கே இல்லை. துணைக்கு என்று பிரகாசியும் நின்றுவிட்டாள். கோவில் மணி விட்டு விட்டு அடித்தது.

"கருவாட்டுக் கொழம்பு கேட்டாராக்கும்," என்றாள் பிரகாசி.

"எந்தக் கொழம்பு?"

"இப்ப அழுதியே."

"அழுகையில ஆயிரம் வரும்."

"நான் வந்து சொல்லலயே ஆத்தா. அப்பா கேட்டதா நான் ஒங்கிட்ட வந்து சொல்லலயே."

அருளம்மாள் முந்தானையை விரித்து, மறுபடி மடித்தாள்.

"நீ செவமாலைக்குப் போயிருந்தே."

"எப்ப இருந்து?"

"எது?"

"பேச்சு."

"அது எங்க நின்னுச்சு? ஒரு மாசம் போல முறுக்கிக்கிட்டு இருந்தாரு. ஒரு நா நீ கெணத்துக்குப் போயிருந்தே, தேளு கொட்டிருச்சு. 'அருளு'ன்னு கத்துனாரு. ஓடிப் போயிச் சுண்ணாம்பு வச்சேன். அப்புறம் எங்கிட்டு முறுக்குறது?"

"அப்புறம் எதுக்கு என்னைய..."

"மொதல்ல வெக்கம். வீம்பாச் சொல்லிப்புட்டு, புள்ளை முன்னாடி எப்படிப் பேசுறதுன்னு. அப்புறம்..." அருளம்மாளின் உதட்டோரம் என்னவோ வந்து போனது. "நீ மாத்தி மாத்திச் சொல்றது நல்லாருந்துச்சுடி. அவரு நாயி குடிக்குமாம்பாரு, நீ புளி வேணுமாம்னு வந்து நிப்பே. நடுவுல இருக்கிறது அரைச் செவுரு. எனக்கு எல்லாந்தான் கேக்கும். நான் சொல்றதும் அவருக்குக் கேக்கும். நீ அங்கிட்டுப் போனதும் ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

பிரகாசி அந்தச் சுவரைப் பார்த்தாள். ஆள் உயரம்தான். அதற்கு மேலே ஓடு வரைக்கும் வெறும் காற்று. வருஷா வருஷம் அதற்குச் சுண்ணாம்பு அடித்தது அவள்தான்.

"காலைலகூட," என்றாள் அருளம்மாள். "கருப்பட்டி இல்லன்னாரு. நீ வந்து தேனா இருக்காம்னே. கொடத்தத் தூக்கிக்கிட்டு நீ போனதும் சிரிச்சுக்கிட்டே எட்டிப் பாத்தேன். 'தேனாம்ல?'ன்னேன். அவரு பேசல. வெளாடுறாருன்னு நெனச்சு இன்னொரு தடவயும் கேட்டேன்."

பிரகாசிக்கு ஆத்தாவின் தோளைத் தொட வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை.

"சந்தனராசு வீட்டுலருந்து கேட்டு வந்தாங்களே," என்றாள். "அப்பவும் பேசினீங்களா?"

மணி ஒரு முறை அடித்து ஓய்ந்தது.

"அப்பத்தான் நெறையப் பேசினோம்."

"யாரு வேணாம்னது?"

"ஒங்கப்பாதான் சொன்னாரு, 'அவ போயிட்டா நமக்கு...'"

பிரகாசி ஆத்தாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். சொன்னவர் இல்லை. கேட்டவள் எடுத்துச் சொல்கிறாள். இந்தத் தொழிலில் எது எப்படி ஆகும் என்பது பிரகாசிக்குத் தெரியாததா? ஆத்தா முந்திக்கொண்டு போய் அப்பா பின்தங்கியிருந்தால், இதே நேரத்தில் அவர் 'ஒங்காத்தாதான் சொன்னா' என்று ஆரம்பித்திருப்பார்.

"போதும்," என்றாள்.

வெயில் தாழ்ந்து, போனவர்கள் திரும்பிக் காலைக் கழுவிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று காத்தாயி ஒரு சட்டி நிறையக் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தாள். அருளம்மாளுக்கும் பிரகாசிக்கும் நடுவில் தரையில் வைத்தாள். பிரகாசி வழியாகப் பேசுவது அந்தத் தெருவுக்கே பழகிப்போயிருந்தது. அவள் கண்கள் அருளம்மாள் மேல் இருந்தன, பேச்சு மட்டும் இந்தப் பக்கம் வந்தது.

"பிரகாசி, காலையிலருந்து பச்சத் தண்ணி படல. ஒங்காத்தாவ ரெண்டு வாய் குடிக்கச் சொல்லு."

அருளம்மாள் தலையைத் தூக்கவில்லை. "எனக்கு எறங்காது. காத்தாயிகிட்டச் சொல்லு பிரகாசி."

காத்தாயி பிரகாசியைப் பார்த்தாள். அருளம்மாளும் மெல்ல நிமிர்ந்து பிரகாசியைப் பார்த்தாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

பிரகாசி குனிந்து சட்டியை இரண்டு கையாலும் எடுத்தாள். வாயில் வைத்துக் குடிக்கத் தொடங்கினாள். கஞ்சி சுட்டது. ஊதுவதற்குக்கூடச் சட்டியை வாயிலிருந்து எடுக்கவில்லை.