கால் பக்கத்துக் கண்ணாடி

கண்ணாடி உடைப்பது என் வேலை. கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலையில், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றை எடுத்துச் சோதனை அறையில் உடைப்பேன். கருவி, பேனா அளவில் ஒரு குத்தூசி. அழுத்தினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டு எஃகு முனை சுருக்கென்று பாயும். கண்ணாடி மொத்தமும் கல்லுப்பாக உதிர வேண்டும். கத்தி போல நீளமாக ஒரு துண்டு விழுந்தாலும் அந்தத் தொகுதி வாசலைத் தாண்டாது.

"உடைக்கிறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று அப்பா ஆரம்பத்தில் சிரிப்பார். நான் மணவாழ்க்கையை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. "வேலையும் அதே, வீட்டிலயும் அதே," என்றார் ஒருமுறை, தட்டைப் பார்த்தபடி. என் முடிவில் எனக்குக் குழப்பம் இல்லை. அதை யாரிடமும் நிரூபிக்கும் அவசரமும் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக, விழுங்கும்போதெல்லாம் தன்னைத் தெரியப்படுத்திக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் தவறிக் காலை முறித்துக்கொண்ட அப்பாவை, கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அத்தானும் நானும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அத்தான் என் அக்காவின் கணவர், கார் அவருடையது. தொடை முதல் கணுக்கால் வரை மாவுக்கட்டு என்பதால், அப்பா பின் இருக்கை முழுவதும் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். நான் சக்கர நாற்காலி வாங்கி வருவதற்குள் அத்தான் சாவியை முன் இருக்கையில் போட்டுவிட்டு இறங்கி, பழக்க தோஷத்தில் பூட்டை அழுத்திக் கதவைச் சாத்திவிட்டார். நாலு கதவும் பூட்டிக்கொண்டன. அக்கா பிள்ளைகளுக்காகப் பின் கதவுகளில் குழந்தைப் பூட்டு வேறு, உள்ளிருந்து திறக்காது. அப்பாவின் தலைமாட்டுக் கதவில் பூட்டுக் குமிழ் எப்போதோ உடைந்துபோனது, மற்றவை அவர் கைக்கு எட்டாது. மாற்றுச் சாவி வீட்டில், ஊரின் மறுகோடியில்.

உச்சி வெயில். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, சூடு ஆகாது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

அத்தான் ஒரு செங்கல்லை எடுத்துக் கண்ணாடியின் நடுவில் ஓங்கி அடித்தார். கல் எகிறி வந்து அவர் செருப்பருகே விழுந்தது.

"மாப்பிள்ளை, கல்லுக்கு வலிக்கப் போகுது," என்றார் அப்பா உள்ளிருந்து. குரல் கொஞ்சம் குழறியது.

"முன் கண்ணாடிய உடைச்சிடலாமா?" அத்தானுக்கு மூச்சு வாங்கியது.

"அது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்சு ஒட்டினது, அத்தான். விரிசல் விடும், வழி விடாது. பக்கக் கண்ணாடிதான் தேவைன்னா உடையணும்னே செஞ்சது. நடுவுல தாங்கும். ஓரம்தான் அதோட பலவீனம்."

எப்போதும் என் பையில் கிடக்கும் குத்தூசியை எடுத்தேன். அப்பாவின் தலை வலப்பக்கக் கதவில் சாய்ந்திருந்தது. நான் இடப்பக்கம் போனேன். அங்கே கட்டுப்போட்ட கால்தான் இருந்தது. உதிர்வதெல்லாம் மாவுக்கட்டின் மேல் விழட்டும்.

"அப்பா, துண்டால முகத்தை மூடிக்கோங்க."

அவர் மூடவில்லை. என்னையே பார்த்தார். "என்னை வச்சுச் சோதனையா?"

"உங்களை வச்சுச் சோதிக்க மாட்டேன். இது நான் தினம் செய்யற வேலை."

அவர் கண்கள் ஒரு கணம் என் கையிலேயே நின்றன. பிறகு துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

கீழ் மூலையில் முனையை வைத்து அழுத்தினேன். கண்ணாடி ஒரே நொடியில் வெண்பனியாகப் பூத்தது. ஆனால் விழவில்லை. அத்தான் உள்பக்கம் ஒட்டவைத்திருந்த பிளாஸ்டிக் படலத்தில் அப்படியே தொங்கியது. திருடன் தலைகீழாக நின்றாலும் நுழைய முடியாது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட படலம்.

"போச்சு," என்றார் அத்தான்.

"போகலை."

துப்பட்டாவைக் கையில் சுற்றி, மேல் விளிம்பை உள்ளே தள்ளினேன். மறுபடியும், உடம்பின் எடையை எல்லாம் கொடுத்து. படலம் கிழிந்தது, கண்ணாடி போர்வை மடிவது போலச் சரிந்து அப்பாவின் மாவுக்கட்டின்மேல் படுத்தது. கையை விட்டுப் பூட்டின் குமிழை மேலே இழுத்தேன். வெளிக் கைப்பிடியை இழுத்ததும் கதவு திறந்தது. உள்ளே அடைந்து கிடந்த வெக்கை என் முகத்தில் அறைந்தது.

மருத்துவர் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தார். அழுத்தம் இறங்கிய பிறகு, கட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் படலத்தை ஒட்டிய கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார். "மாப்பிள்ளை, இப்போதான் வண்டில காத்து வருது. அதைக் கெடுக்காதீங்க," என்றார் அப்பா.

சற்று நேரம் கழித்து, முன் கண்ணாடிக்கு மேலிருந்த ஆடியில் அவரைப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு கண்ணாடித் துணுக்கை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கயும் கிழிக்கலையே."

"கிழிச்சா நாங்க அனுப்ப மாட்டோம்."

துணுக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வேலையும் அதே, வீட்டிலயும் அதேன்னு ஒரு தடவை சொன்னேன்."

"சொன்னீங்க."

"இப்பவும் அதான் சொல்றேன்."

ஆடியில் அவர் கண்கள் என் கண்களை விட்டு நகரவில்லை. சிக்னல் மாறியது. நான் வண்டியை எடுத்தேன்.